எமனா, மருந்தா? ஜப்பானின் மிசோ தரும் பாடம்

"டாக்டருக்குக் கொடுக்கிற பணத்தை மிசோ வியாபாரிக்குக் கொடு!"

இது ஜப்பான் நாட்டின் பழைய பழமொழி.

மிசோ என்றால் என்ன?

அது ஒரு வகைத் தொக்கு. சோயா மொச்சையைப் புளிக்க வைத்துச் செய்வது. பார்ப்பதற்குக் கெட்டியாக இருக்கும். சிலது வெளுத்திருக்கும். சிலது கறுத்திருக்கும். மீனோ கடற்பாசியோ போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் அதைக் கரைத்தால், மிசோ சூப் தயார்.

தமிழ் வீட்டுக்கு ரசம் எப்படியோ, அப்படி ஜப்பானியர் வீட்டுக்கு மிசோ சூப். காலையிலும் குடிப்பார்கள். மாலையிலும் குடிப்பார்கள். அது இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

மிசோ சாப்பிட்டால் நோய் வராது. டாக்டருக்குச் செலவு இல்லை. இதுதான் அந்தப் பழமொழியின் பொருள்.

ஆனால் ஒரு காலத்தில் அதே ஜப்பானின் டாக்டர்கள் மிசோத் தொட்டியைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஊர் ஊராக மனிதர்கள் பக்கவாதத்தில் சாய்ந்ததற்கு, அந்தத் தொட்டியில் இருந்த உப்பும் ஒரு காரணம் என்றார்கள்.

இப்போது வேறு சில ஆராய்ச்சியாளர்கள், "மிசோ ரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது" என்கிறார்கள்.

எது உண்மை? மிசோ எமனா, மருந்தா?

உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி இது. அரைகுறையாகப் பதில் தெரிந்து வைத்திருப்பது ஆபத்து. ஆகவே முழுக் கதையையும் தெரிந்து கொள்வது நல்லது.

தொட்டிக்குள் நடப்பது

முதலில் அரிசியை ஆவியில் வேக வைக்கிறார்கள். அதன் மேல் ஒரு வகைப் பூஞ்சணத்தைத் தூவி வளர விடுகிறார்கள். இரண்டு நாளில் அரிசி முழுவதும் வெள்ளைப் பஞ்சு போல் பூத்து விடுகிறது. இதற்குக் கோஜி என்று பெயர்.

சோயா மொச்சையை வேக வைத்து மசிக்கிறார்கள். அதில் கோஜியைப் போடுகிறார்கள். உப்பையும் போடுகிறார்கள். தொட்டியில் அடைத்து, மேலே கல்லை வைத்து அமுக்கி மூடி விடுகிறார்கள்.

இட்லி மாவு ஓர் இரவில் புளித்து விடும். மிசோவுக்கு அது போதாது. மாதக் கணக்காகும். சில மிசோவுக்கு ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு கூட ஆகும்.

அத்தனை காலம் அது ஏன் அழுகுவதில்லை?

உப்புதான் காவல்காரன். அழுக வைக்கும் கிருமிகளை அது அண்ட விடாது. அதனால்தான் உப்பை அள்ளிப் போடுகிறார்கள். சாதாரண மிசோவில் 100 கிராமுக்குச் சுமார் 12 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு மேஜைக் கரண்டி மிசோவில் மட்டும் 2 கிராம் உப்பு!

சோயா சாஸ் இதன் தம்பி. அதுவும் சோயா மொச்சையைப் புளிக்க வைத்து எடுப்பதுதான். அதில் உப்பு இன்னும் அதிகம். ஒரு மேஜைக் கரண்டியில் சுமார் இரண்டரை கிராம்.

மொச்சையும் பூஞ்சணமும் சேர்ந்து ருசியைக் கொடுக்கின்றன. உப்பு அந்த ருசியைக் கெடாமல் காக்கிறது. அதே உப்புதான் பிறகு வினையாகவும் முடிந்தது.

பனி பெய்யும் ஊர்கள்

ஜப்பானின் வட பகுதியில் அகிதா என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. நெல் விளையும் பூமி.

குளிர்காலம் வந்தால் அங்கே ஆள் உயரத்துக்குப் பனி கொட்டும். வயலில் பச்சை இலையைப் பார்க்க முடியாது. அந்தக் காலத்தில் குளிர்பெட்டியும் கிடையாது.

ஆகவே ஜனங்கள் முன்கூட்டியே தயார் ஆனார்கள். முள்ளங்கியை உப்பில் ஊற வைத்தார்கள். கீரையை உப்பில் ஊற வைத்தார்கள். மீனையும் உப்பில் போட்டார்கள். மிசோத் தொட்டியை நிரப்பி வைத்தார்கள்.

பிறகு மாதக் கணக்காக அதே சாப்பாடுதான். நிறையச் சோறு. அதைத் தள்ளுவதற்கு உப்பு ஊறுகாய். கூடவே மிசோ சூப்.

பாலும் முட்டையும் இறைச்சியும் அரிது. வீட்டுக்குள்ளேயே குளிர் நடுக்கும். உழைப்போ கடுமையானது.

நாற்பது ஐம்பது வயதில், நன்றாக நடமாடிக் கொண்டிருந்தவர் திடீரென்று சாய்வார். வாய் கோணும். கை கால் விழும். பலர் பிழைப்பதில்லை. பிழைத்தவர்களோ படுத்த படுக்கை. உழைத்துப் போடுகிறவர் விழுந்ததும் குடும்பமே விழுந்தது.

வட ஜப்பானில் மட்டும் இந்தக் கொடுமை இல்லை. 1951 முதல் 1980 வரை 30 ஆண்டுகள், ஜப்பானில் மிக அதிகமான மரணத்துக்குக் காரணமாக இருந்தது மூளையைத் தாக்கும் இந்த நோய்தான். புற்றுநோய் கூட அதற்குப் பின்னால்தான் நின்றது. அந்த நோய் மிகக் கொடூரமாக ஆடிய இடங்களில் அகிதாவும் ஒன்று.

26 கிராம்!

அமெரிக்காவில் லூயிஸ் டால் என்று ஒரு டாக்டர் இருந்தார். உப்புக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்வதிலேயே காலத்தைக் கழித்தவர்.

1960-ல் அவர் ஒரு கணக்கை வெளியிட்டார். உலகின் ஐந்து இடத்து ஜனங்களை அதில் ஒப்பிட்டார்.

அலாஸ்காவின் பனிப் பிரதேச மக்கள் ஒரு நாளில் சாப்பிட்ட உப்பு சுமார் 4 கிராம். அவர்களில் ரத்தக் கொதிப்பு உள்ளவரைக் காண்பதே அரிது.

அமெரிக்கர்கள் சுமார் 10 கிராம். தென் ஜப்பானில் சுமார் 14 கிராம். உப்பு கூடக் கூட, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கூடினார்கள்.

பட்டியலின் உச்சியில் இருந்தது வட ஜப்பான். அங்கே ஒரு நாள் உப்பு சுமார் 26 கிராம்!

அதாவது ஐந்து தேக்கரண்டி உப்பு. அதை ஒரு தட்டில் குவித்து வைத்து, "இதைத் தின்று விடு" என்றால் யாராவது தின்பார்களா? ஆனால் சூப்பிலும் ஊறுகாயிலும் கலந்து, தெரியாமலே தின்று கொண்டிருந்தார்கள்.

பம்பும் குழாயும்

உப்பு அதிகமானால் ரத்த அழுத்தம் ஏன் ஏறுகிறது?

உப்பு எங்கே போகிறதோ அங்கே தண்ணீரும் போகும். ரத்தத்தில் உப்பு சேர்ந்தால், உடம்பு தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைத்துக் கொள்கிறது. குழாய் அதே குழாய். ஆனால் உள்ளே ஓடும் நீரின் அளவு கூடி விடுகிறது.

வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பை நினைத்துக் கொள்ளுங்கள். ரப்பர் குழாயில் அளவுக்கு மேல் தண்ணீரைத் தள்ளினால் குழாய் விம்மும். நாளாக நாளாக அதன் சுவர் நைந்து போகும். ஒரு நாள் படார் என்று வெடிக்கும்.

மூளைக்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் மெல்லியவை. அவற்றில் ஒன்று வெடித்தாலும் சரி, அடைத்துக் கொண்டாலும் சரி, பக்கவாதம்தான்.

இதில் மோசமான விஷயம் ஒன்று உண்டு. ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலிக்காது. காய்ச்சல் வராது. அழுத்தத்தை அளந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆப்பிள் தோட்டம்

அகிதாவுக்குப் பக்கத்தில் ஆவோமோரி என்ற மாவட்டம் இருக்கிறது. ஆப்பிளுக்குப் பேர் போன இடம்.

அங்குள்ள ஹிரோசாகி பல்கலைக்கழகத்தில் சசாக்கி நவோசுகே என்ற டாக்டர் இருந்தார். 1950-களில் கிராமங்களுக்குப் போய் ரத்த அழுத்தத்தை அளந்தார்.

ஆப்பிளை நிறையச் சாப்பிடும் கிராமத்தாருக்கு ரத்த அழுத்தம் குறைவாக இருந்தது. மற்றவர்களுக்கு அதிகமாக இருந்தது. ஆப்பிள் தின்கிறவர்களும் மிசோ சூப் குடிக்கிறவர்கள்தான்!

காரணம் என்ன? பழத்திலும் காய்கறியிலும் பொட்டாசியம் என்ற சத்து இருக்கிறது. உடம்பில் தேங்கிய உப்பைச் சிறுநீர் வழியே வெளியேற்ற அது உதவுகிறது.

உப்பைக் குறைப்பது ஒரு வழி. காய்கறி பழத்தைக் கூட்டுவது இன்னொரு வழி. பின்னால் ஜப்பானியர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தார்கள்.

கிராமத்துக்கு வந்த டாக்டர்கள்

1963-ல் அகிதா மாவட்டத்து இகாவா என்ற ஊரில் ஒரு புதிய முயற்சி தொடங்கியது. ஒசாகா நகரத்து டாக்டர்கள் உள்ளூர்க்காரர்களோடு கை கோத்தார்கள்.

ஊரில் உள்ள பெரியவர்களுக்கெல்லாம் ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். கொதிப்பு உள்ளவர்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். சமையலில் உப்பைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு முறை வந்து போட்டோ எடுத்துக் கொண்டு போய்விடவில்லை. ஆண்டுதோறும் தொடர்ந்து செய்தார்கள்.

பலன் கிடைத்தது. பக்கவாதம் குறைந்தது. இந்த வேலை முழு மூச்சாக நடந்த இடத்தில் மிக அதிகமாகக் குறைந்தது. அரைகுறையாக நடந்த பக்கத்து ஊரில் அந்த அளவுக்குக் குறையவில்லை.

பக்கவாதம் தலைவிதி அல்ல, தடுக்கக் கூடிய நோய் என்பது இதில் தெரிந்தது.

மிசோவின் தாய்வீடு

இனி நாகானோவுக்கு வருவோம்.

நாகானோ மலை சூழ்ந்த மாவட்டம். கடலே கிடையாது. ஜப்பானில் மிக அதிகமாக மிசோ தயாராகும் இடம் இதுதான். அங்கே "மிசோ சாப்பிடாதே" என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

நாகானோவிலும் குளிர் அதிகம். அங்கே நொசவானா என்ற கீரையை உப்பில் ஊற வைப்பார்கள். விருந்தாளி வந்தால் தேநீர் கொடுத்து, பக்கத்தில் ஒரு தட்டு நிறைய அந்த ஊறுகாயை வைப்பார்கள். பேசிக் கொண்டே தின்பார்கள். தட்டு காலியானால் மறுபடியும் வைப்பார்கள்.

1960-களில் பக்கவாதச் சாவில் நாகானோவும் நாட்டின் முன்வரிசையில் இருந்தது.

அங்கே சாக்கு என்ற ஊரில் ஓர் ஆஸ்பத்திரி. 1945-ல் அங்கே வேலைக்கு வந்தவர் டாக்டர் வகாட்சுகி தோஷிகாசு.

விவசாயிகள் நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். டாக்டரோ அவர்கள் வரும் வரை காத்திருக்கவில்லை. தம் கூட்டத்தோடு கிராமங்களுக்குப் புறப்பட்டார். நோயாளிகளைப் பார்த்து முடித்ததும், டாக்டர்களும் நர்சுகளும் வேஷம் கட்டி நாடகம் போட்டார்கள்! நோய் எப்படி வருகிறது, எப்படித் தடுப்பது என்பதை நாடகமாக நடித்துக் காட்டினார்கள். பிரசங்கம் என்றால் தூங்கி விடும் ஜனங்கள், நாடகம் என்றதும் கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

1959-ல் யாச்சிஹோ என்ற கிராமத்தில் ஊர் முழுவதுக்கும் ஆண்டுதோறும் உடல் பரிசோதனையைத் தொடங்கினார்கள். 1976-ல் அந்த டாக்டருக்கு மகசேசே பரிசு கிடைத்தது.

தாய்மார்கள் படை

ஆனால் டாக்டர் மட்டும் என்ன செய்ய முடியும்? சூப் கொதிப்பது ஆஸ்பத்திரியில் அல்லவே. வீட்டு அடுப்பில் அல்லவா?

அடுப்பங்கரைக்குள் போகக் கூடியவர்கள் தாய்மார்கள்தான்.

1945-லேயே தகாஹோ என்ற நாகானோ கிராமத்துப் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஊர் முழுவதுக்கும் ஒரே ஒரு சுகாதார நர்ஸ். அவர் ஓடி ஓடி உழைப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், "நாங்கள் உதவுகிறோம்" என்று முன்வந்தார்கள். அந்த வழக்கம் மாவட்டம் முழுவதும் பரவியது.

சாதாரணக் குடும்பப் பெண்கள்தான். முறை வைத்து இரண்டு ஆண்டு தொண்டு செய்வார்கள். முதலில் தாங்கள் கற்றுக் கொள்வார்கள். அதைத் தங்கள் வீட்டில் செய்து பார்ப்பார்கள். பிறகு அண்டை வீட்டுக்குச் சொல்வார்கள். முறை முடிந்ததும் வேறு பெண்கள் வருவார்கள். இப்படியே ஊரில் பல பெண்கள் சுகாதாரம் கற்றவர்கள் ஆகி விட்டார்கள்.

1981-ல் நாகானோவில் உப்புக் குறைப்பு இயக்கம் தொடங்கியது. இந்தப் பெண்கள்தான் அதன் படை வீரர்கள்.

உப்பை அளக்கும் சிறிய கருவியை எடுத்துக் கொண்டு வீடு வீடாகப் போனார்கள். "உங்கள் வீட்டு சூப்பைக் கொஞ்சம் கொடுங்கள்" என்றார்கள். கருவியை அதில் வைத்தார்கள். எண்ணைக் காட்டினார்கள்.

"எங்கள் வீட்டில் உப்பு குறைவுதான்" என்று சொல்லிக் கொண்டிருந்தவர்கள் எண்ணைப் பார்த்ததும் வாயடைத்துப் போனார்கள். நாக்கு பொய் சொல்லும். கருவி சொல்லாது அல்லவா?

சூப்பை நிறுத்தவில்லை

இங்கேதான் அந்தப் பெண்களின் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும்.

"மிசோவைத் தொடாதே" என்று அவர்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால், முதல் வீட்டிலேயே கதவைச் சாத்தியிருப்பார்கள்.

அவர்கள் சொன்னது இதுதான்:

சூப்பில் காய்கறியை நிறையப் போடு. கிண்ணத்தில் காய் கூடினால் உப்புத் தண்ணீர் குறையும். காயில் உள்ள சத்தும் சேரும்.

கிண்ணத்தின் எண்ணிக்கையைக் குறை.

ஊறுகாயைப் பெரிய தட்டில் வைக்காதே. சிறிய தட்டில் வை.

நூடுல்ஸ் சாப்பிட்டால், அடியில் தங்கும் சாற்றைக் குடிக்காதே.

குளிர்காலத்தில் வீட்டில் ஓர் அறையையாவது கதகதப்பாக வைத்துக் கொள். குளிரும் ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

அவ்வளவுதான். ருசி போகவில்லை. பாட்டன் பூட்டன் காலத்துப் பழக்கம் போகவில்லை. அளவு மட்டும் மாறியது.

நாகானோவில் ஒருவர் ஒரு நாளில் சாப்பிட்ட உப்பு சுமார் 16 கிராமாக இருந்தது. இயக்கம் தொடங்கிய சில ஆண்டுகளில் அது சுமார் 11 கிராமாக இறங்கியது.

2010-ம் ஆண்டுக் கணக்கில் நாகானோ ஆண்களின் சராசரி ஆயுள் 80.88 வயது. பெண்களின் ஆயுள் 87.18 வயது. ஜப்பானிலேயே இரண்டிலும் முதல் இடம்! காய்கறி சாப்பிடுவதிலும் நாகானோவுக்கே முதல் இடம் கிடைத்தது.

உப்பைக் குறைத்ததால் மட்டும் இந்த ஆயுள் வந்தது என்று சொல்ல முடியாது. மருந்து, பரிசோதனை, உழைப்பு, வசதி எல்லாம் சேர்ந்துதான் வந்தது. ஆனால் ஒரு காலத்தில் பக்கவாதத்துக்குப் பேர் போன மாவட்டம், நீண்ட ஆயுளுக்குப் பேர் போனது. அதுவும் மிசோவைக் கைவிடாமலே!

புதிய ஆராய்ச்சி

இனி அந்த இன்னொரு செய்திக்கு வருவோம். மிசோ ரத்தக் கொதிப்பைக் குறைக்கும் என்கிறார்களே, அதில் உண்மை உண்டா?

கொஞ்சம் உண்டு.

சோயா மொச்சை புளிக்கும்போது அதிலுள்ள புரதம் சிறு சிறு துண்டுகளாக உடைகிறது. ரத்தக் குழாயை இறுக்கும் ஒரு பொருள் உடம்பில் சுரக்கிறது. அந்தப் பொருள் உண்டாவதை இந்தத் துண்டுகளில் சில தடுக்கின்றன. டாக்டர்கள் கொடுக்கும் ரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் ஒரு வகையும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. மாத்திரையின் வேகம் மிசோவுக்குக் கிடையாது.

ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தார் எலிகளுக்கு மிசோ கொடுத்துப் பார்த்தார்கள். உப்புத் தின்றால் உடனே ரத்தக் கொதிப்பு வரும் எலிகள் அவை. அந்த எலி வகையை உண்டாக்கியவர், முன்பு சொன்ன அதே லூயிஸ் டால்தான்! வெறும் உப்புத் தின்ற எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. அதே அளவு உப்பை மிசோவாகத் தின்ற எலிகளுக்கு அப்படி ஏறவில்லை.

எலி வேறு, மனிதன் வேறு. மனிதர்களைப் பற்றி என்ன தெரிகிறது?

2017-ல் ஜப்பானில் ஓர் ஆராய்ச்சியின் முடிவு வெளியானது. ரத்தக் கொதிப்பு இல்லாத 4,165 பேரைச் சுமார் 5 ஆண்டுகள் கவனித்தார்கள். புளித்த சோயா உணவை நிறையச் சாப்பிட்டவர்களில் பிறகு ரத்தக் கொதிப்பு வந்தவர்கள் குறைவு. புளிக்காத சோயா உணவையும் சேர்த்துக் கணக்கிட்டபோது இந்த வித்தியாசம் தெரியவில்லை.

2019-ல் இன்னொன்று. ரத்த அழுத்தம் சற்றே உயர்ந்தவர்களுக்குத் தினமும் 32 கிராம் மிசோவை 8 வாரம் கொடுத்தார்கள். மற்றொரு பிரிவினருக்குப் புளிக்காத சோயா உணவு. மிசோ சாப்பிட்டவர்களுக்குப் பகல் நேர ரத்த அழுத்தம் மாறவில்லை. இரவு நேர அழுத்தம் குறைந்தது.

நல்ல செய்திதான். ஆனால் துள்ளிக் குதிக்கக் கூடாது.

8 வாரம் என்பது ஒரு மனிதனின் ஆயுளில் எத்தனை சிறிய காலம்! தவிர, நாள்தோறும் மிசோ சாப்பிடுகிறவர் மீனும் காய்கறியும் சேர்த்துச் சாப்பிடுகிறவராக இருக்கலாம். நன்மை எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

"மிசோவில் உள்ள உப்பு, வெறும் உப்பைப் போல் அவ்வளவு கெடுதல் செய்யாமல் இருக்கலாம்." இதுவரை சொல்லக் கூடியது இவ்வளவுதான். "மிசோ மருந்து" என்று சொல்வது தவறு.

உப்பில்லாத அண்ணன்

இதே சோயா மொச்சையில் ஜப்பானியர் இன்னொரு பண்டமும் செய்கிறார்கள். அதன் பெயர் நட்டோ.

வேக வைத்த மொச்சையை அந்தக் காலத்தில் வைக்கோலில் சுற்றி வைப்பார்கள். வைக்கோலில் உள்ள ஒரு நுண்ணுயிர் அதைப் புளிக்க வைக்கும். ஒரு நாளில் தயார். நூல் நூலாக இழுக்கும். வாசனையோ தூக்கும். பழகாதவர்கள் மூக்கைப் பிடித்துக் கொள்வார்கள்.

ஆனால் நட்டோவில் உப்பே கிடையாது!

2020-ல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்றில் சுமார் 93 ஆயிரம் ஜப்பானியரைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். நட்டோ நிறையச் சாப்பிட்டவர்களில், இதய நோயாலும் பக்கவாதத்தாலும் இறந்தவர்கள் குறைவாக இருந்தார்கள்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நட்டோவைத் தொடக் கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே, மாத்திரையின் வேலையைக் கெடுத்து விடும்.

கணக்குப் போடுங்கள்

ஒருவர் ஒரு நாளில் 5 கிராமுக்கும் குறைவாக உப்புச் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி அளவுதான்.

ஒரு கிண்ணம் மிசோ சூப்பில் சுமார் ஒன்றே கால் கிராம் முதல் ஒன்றரை கிராம் வரை உப்பு இருக்கிறது. மூன்று வேளை மூன்று கிண்ணம் குடித்தால் சுமார் 4 கிராம் வந்து விடும். ஊறுகாய்க்கும் மீனுக்கும் சோயா சாஸுக்கும் இடம் எங்கே?

ஜப்பானியரே இன்னும் கரை சேரவில்லை. 1970-களின் தொடக்கத்தில் சராசரியாக ஒருவர் சுமார் 14 கிராம் உப்புச் சாப்பிட்டார். 2019-ல் அது 10.1 கிராம். சொன்ன அளவைப் போல் இரண்டு மடங்கு!

ஆனாலும் ஒரு காலத்தில் மரணத்தில் முதல் இடத்தில் நின்ற பக்கவாதம், 2018-ல் நான்காம் இடத்துக்குப் போய் விட்டது. நல்ல மாத்திரைகள் வந்ததும், அழுத்தத்தை அளந்து பார்க்கும் பழக்கம் வந்ததும், உப்புக் குறைந்ததும் அதற்குக் காரணம்.

அரை உண்மை ஆபத்து

"மிசோ எமன்" என்பது அரை உண்மை. எமனாக வந்தது, அளவு மீறிய உப்பு.

"மிசோ மருந்து" என்பதும் அரை உண்மை. அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவரை எந்தச் சூப்பும் காப்பாற்றாது.

இரண்டு அரை உண்மைகளையும் நம்பாமல், நடுவே வழி கண்டவர்கள் நாகானோத் தாய்மார்கள். ஆராய்ச்சிக் கூடத்தில் முடிவு வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தெரிந்ததை வைத்துக் கொண்டு, கரண்டியின் அளவைக் குறைத்தார்கள்.

தமிழ்நாட்டு வீடுகளில் மிசோ இல்லை. ஆனால் சோயா சாஸ் வந்து விட்டது. தெருமுனையில் பிரைடு ரைஸ் போடும் கடையில் அந்தக் கறுப்புப் பாட்டில் கவிழ்ந்து கவிழ்ந்து நிமிர்கிறது. வீட்டிலோ ஊறுகாயும் அப்பளமும் மோர் மிளகாயும் கருவாடும் முன்பே இருக்கின்றன. உப்பு எந்த மொழி பேசினாலும் ரத்தக் குழாய்க்கு ஒன்றுதான்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது தமிழ்ப் பழமொழி. சரிதான். உப்பே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஊறுகாய்ப் பாட்டிலைச் சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் வைக்காமல், அலமாரியில் வைத்தால் போதும். ஒரு துண்டு எடுத்த கை, மறு துண்டுக்கு எழுந்து போக யோசிக்கும். பொரியலில் காயைக் கூட்டலாம். முப்பது வயது தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை ரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சாதாரண உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் உப்பை, டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சொல்லாமல் அதை நிறுத்தக் கூடாது.

"டாக்டருக்குக் கொடுக்கிற பணத்தை மிசோ வியாபாரிக்குக் கொடு" என்றது அந்தக் காலத்து ஜப்பான். அப்படிக் கொடுத்தும் பக்கவாதம் வரத்தான் செய்தது. அதைக் குறைத்தவர்கள், கிராமம் தேடி வந்த டாக்டர்களும், அளவு அறிந்து கரண்டி பிடித்த தாய்மார்களும்தான்.

அந்தக் கரண்டி தமிழ் வீடுகளிலும் தாய்மார்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் உப்புக் குறைந்த குழம்பை முதல் நாள் முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டியவர்கள், வீட்டில் உள்ள மற்ற எல்லோரும்!